ஒன்பதாம் கதவுக்கு வந்த இலவசப் பிரதி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் முகவரி ஒன்றுதான். ஆளின் பெயரை எழுதி, அதற்குக் கீழே தோட்டத்தின் பெயரை எழுதி, பதுளை என்று முடித்துவிட்டால் போதும், கடிதம் ஆபீசுக்கு வந்து சேர்ந்துவிடும். அங்கிருந்து உரியவர் கையில் சேர்ப்பது, எங்கள் பேச்சில் தப்பால்காரன் என்கிற தபால்காரனின் வேலை. அந்த வேலையை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். காலையில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஏறுவேன். தபாலகத்தில் கடிதக் கட்டை வாங்கி வந்து ஆபீசில் கொடுப்பேன். மிச்சத்தை, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகக் கொண்டுபோவேன். யார் எந்த லயத்தில், எந்தக் காம்பரா வீட்டில் இருக்கிறார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. என் தலைக்குள்தான் இருக்கிறது.

இதை என் இரண்டு பிள்ளைகளுக்காகவும், அன்றைக்கு அவர்களோடு கீழ் லயத்துக் கதவுகளில் நின்ற மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். அன்று நடந்ததில் உங்களுக்குப் பாதிதான் தெரியும். ஒரு புத்தகத்தை ஓசியில் வாங்குவதற்காக நான் நிரப்பிய ஒரு துண்டுக் காகிதத்தால், ஒரு தாய் வெடித்த மலைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரை மேலே கொண்டுவர என்னால் மட்டுமே முடியும் என்றாகிவிட்டது. அந்தப் பாதி உங்களுக்குத் தெரியாது.

மகள் அப்போது நாலாம் ஆண்டு பாதியில் இருந்தாள். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பதுளை டவுனுக்குப் போகும்போதெல்லாம் ஒரு புத்தகக்கடையில் நின்று, கொழும்பில் இருந்து வரும் சிறுவர் இதழ் ஒன்றைப் புரட்டிப் பார்ப்பேன். மாதம் இரண்டு தடவை வரும். நடுப்பக்கத்தில் மாதிரி வினாத்தாள் இருக்கும். ஒவ்வொரு தடவையும் புதிய தாள். கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். வாய் சும்மா இருக்காது.

"என்ன தம்பி, வாங்காமலே வாசிச்சு முடிச்சிருவீங்க போல?"

"புள்ளைக்குங்க. கேள்வியெல்லாம் நல்லா இருக்கான்னு பாக்குறேன்."

"நல்லா இல்லாட்டி? கொழும்புக்கு வண்டி புடிச்சுப் போய்ச் சண்டை போடவா போறீங்க? கடைசிப் பக்கத்தப் பாருங்க. ஓசியிலயே தாறாங்களாம். என் யாவாரத்த நானே கெடுக்கிறேன், வேற யாரு சொல்லுவா?"

கடைசிப் பக்கத்தில் ஒரு கூப்பன் இருந்தது. புதிய வாசகருக்கு நடப்பு இதழ் இலவசம். ஒரு வீட்டுக்கு ஒரு பிரதி. பெயர், வயது, கதவிலக்கம், முகவரி எல்லாவற்றையும் பிள்ளை தன் கையாலேயே எழுத வேண்டும். பிடித்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு மாத விலையில் சேரலாம், பணத்தை முத்திரையாக அனுப்பினாலும் சரி.

கதவிலக்கத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு மகள் எழுதினாள். பத்து நாளில் பிரதி வந்தது. எத்தனையோ பேருக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த எனக்கு, என் மகளின் பெயர் அச்சிட்ட உறை ஒன்று பைக்குள் கிடப்பதைப் பார்த்தபோது கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கு மற்ற லயங்களுக்கு நேரம் தாழ்த்தித்தான் போனேன். சலுகை விலையில் மூன்று மாதம் சேர்ந்தோம். அது முடிந்த பிறகு முழு விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பரீட்சைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. மகனின் பெயரில் ஒரு கூப்பன் போட்டோம். பதிலுக்கு ஒரு தபாலட்டை வந்தது. "உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு பிரதி அனுப்பிவிட்டோம்." பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும் அதே அட்டை. மேல் டிவிசனில் ஒரு பிள்ளைக்கும் அதே அட்டை. மூன்றையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தோட்டம் பூராவும் அவங்களுக்கு ஒரே வீடாம்" என்றேன் வீட்டில்.

"அப்ப எல்லாரும் ஒரே அடுப்புல சமைச்சுக்குவோம். வெறகாவது மிஞ்சும்" என்றார் என் மனைவி.

எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளே எரிந்தது. எங்களுக்குக் கதவிலக்கம் இல்லாதது எங்கள் குற்றமா? அப்போதுதான் கீழ் லயம் ஞாபகத்துக்கு வந்தது. தோட்டத்திலேயே கதவிலக்கம் உள்ள ஒரே இடம் அதுதான்.

கீழ் லயத்தை ஐந்து வருடத்துக்கு முந்தைய அடைமழையில் கைவிட்டார்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள மலை, மனிதன் கையை விடுகிற அளவுக்கு வெடித்துவிட்டது. மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்ததிலிருந்து இந்தப் பக்கம் யாரும் காத்திருப்பதில்லை. அதிகாரிகள் வந்து பன்னிரண்டு கதவிலும் சிவப்புப் பெயின்ட்டால் இலக்கம் போட்டு, ஆட்களை எண்ணி, வெளியேற்றினார்கள். சிலருக்கு மேலே ரோட்டோரம் புது வீடு கிடைத்தது. மற்றவர்கள் வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போய்விட்டார்கள். கூரைத் தகரம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் யாரையும் கழற்ற விடவில்லை. அதனால் லயம் அப்படியே நின்றது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஆள் இருக்கிற லயம் போலவே இருக்கும்.

அதே மழையில்தான் ஒன்பதாம் கதவு வீட்டுப் பையன் ஓடையோடு போனான். ஒன்பது வயது. ஒரே பிள்ளை. தகப்பன் முன்னமே இறந்துவிட்டார். மூன்று நாள் தேடினோம். நானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடினேன். கிடைக்கவில்லை. தாய்க்கு மேலே புது வீடு கொடுத்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், நடப்பு இதழ் இலவசம் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒரு கதவாக அனுப்பினேன். முதல் தடவை ஒன்றாம் கதவு, அடுத்த இதழுக்கு இரண்டாம் கதவு. புதிதாகப் பெயர் யோசித்தால் மறந்துபோவேன் என்று, அந்தந்தக் கதவில் முன்பு இருந்த பிள்ளையின் பெயரையே போட்டேன். பிள்ளையின் கையெழுத்து வேண்டும் என்பதற்காக இடது கையால் எழுதினேன். எழுத்து கோணல் மாணலாக, அச்சு அசல் சின்னப் பிள்ளை எழுதியது போலவே விழுந்தது. உறை வந்ததும் எடுத்து மகளிடம் கொடுத்துவிடுவேன். தப்பால்காரன் நானே என்பதால் யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் கதவு வந்தபோது அந்தப் பையனின் பெயரை எழுதி, வயது ஒன்பது என்று போட்டேன். மற்றதை எழுதின மாதிரியேதான் எழுதினேன்.

இலவசப் பிரதி போன பிறகு, பணம் கட்டிச் சேராத பிள்ளைகளுக்கு அந்த ஆபீசில் இருந்து நினைவூட்டல் வரும். எல்லாருக்கும் ஒரே அச்சு, பெயர் மட்டும் மாறும். "அன்புத் தம்பி, உன்னைக் காணவில்லையே! எங்கே போய்விட்டாய்? உன் இடம் இங்கே இன்னும் காலியாக இருக்கிறது. நண்பர்கள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் வா." முதல் நினைவூட்டலைப் பார்த்து நானும் மனைவியும் சிரித்தோம். பிறகு பிறகு சிரிக்கவில்லை. வெளியேறிப்போன பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி யாரோ தேடுவது போல இருந்தது. நான் அவற்றை அடுப்பில் போட்டேன்.

பன்னிரண்டாம் கதவின் பிரதியும் வந்து சேர்ந்த நேரத்தில் எனக்கு எலிக்காய்ச்சல் வந்து, பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்தேன். எனக்குப் பதிலாக மேல் டிவிசன் ஆள் ஒருவரைத் தப்பாலுக்குப் போட்டார்கள். நான் திரும்பி வந்ததும் அவர் பையை ஒப்படைத்தார்.

"எல்லாம் குடுத்திட்டேண்ணே. கீழ் லயத்துக்கும் ஒரு கடுதாசி இருந்துச்சு. கதவு நம்பரு போட்டிருந்துச்சா, அந்தக் கதவுலயே சொருகிட்டு வந்திட்டேன்."

"எந்த நம்பரு?"

"ஒம்போது. ஆளு இல்லாத லயமாச்சேன்னு நெனச்சேன். ஆனா வாசல் கூட்டிக் கெடந்துச்சு."

மறுநாள் பகல் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு நான் கீழே இறங்கினேன். பனி மூடியிருந்தது. ஐந்து வருடம் கொழுந்து பறிக்காமல் விட்டால் தேயிலை செடியாக இருக்காது பிள்ளைகளே, மரமாகிவிடும். தலைக்கு மேலே வளர்ந்து, வெள்ளையாகப் பூத்து, பாதையின் இரண்டு பக்கமும் நின்றது. தேயிலைக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். அன்றைக்கு அந்த மரங்களுக்கு நடுவே நடக்க எனக்கே பயமாக இருந்தது. ஓடைச் சத்தம் கேட்டது, ஓடை தெரியவில்லை.

ஒன்றில் இருந்து எட்டு வரை கதவுகளில் பாசி. வாசலில் புல் முழங்காலுக்கு நின்றது. ஒன்பதாம் வாசலில் ஒரு புல் இல்லை. ஈர்க்குமாறு இழுத்த வரிகள் மண்ணில் புதிதாகத் தெரிந்தன. படியில் சாணம் மெழுகியிருந்தது, தொட்டால் விரலில் ஒட்டியது. கதவில் சொருகியதாகச் சொன்ன கடிதம் அங்கே இல்லை. இடைவெளியால் உள்ளே பார்த்தேன். சுவரில் ஒரு பள்ளிக்கூடப் பை தொங்கியது. அதற்குக் கீழே, துடைத்த தரையில், அந்த நினைவூட்டல் விரித்து வைக்கப்பட்டு, பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் நாலு கல் வைத்திருந்தது.

உன்னைக் காணவில்லையே. எங்கே போய்விட்டாய்?

நான் ஓடவில்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் இன்னும் விடவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் இதழ் ஆபீசில் இருந்து, கீழ் லயத்துப் பிள்ளைகளின் பெயரில் ஒரு பெரிய உறை வந்தது. ஒரே லயத்தில் பன்னிரண்டு பிள்ளைகளும் இதழ் கேட்டு எழுதியது தங்களை நெகிழ வைத்ததாம். பன்னிரண்டு பேருக்கும் மூன்று மாதம் இலவசமாகத் தருகிறார்களாம். சனிக்கிழமை ஆள் வந்து, பிள்ளைகளை அவரவர் கதவில் நிறுத்திப் படம் எடுத்து, அடுத்த இதழில் போடுவார்களாம். அவர்களது நல்ல மனசுதான் என்னை மாட்டிவிட்டது. விஷயம் வெளியே வந்தால் தப்பால் வேலை போகும். மகளுக்கு மிச்ச மாதிரித்தாள்களும் போகும்.

நான் இன்னும் ஒரு பொய்யைக் கட்டினேன். என் இரண்டு பிள்ளைகளோடு சேர்த்து மேல் லயத்துப் பிள்ளைகள் பதினொரு பேரைத் திரட்டினேன். படம் எடுத்த பிறகு வருகிற புத்தகம் அவரவருக்கே என்று சொன்னதும் பிள்ளைகள் சம்மதித்தார்கள். ஆளுக்கு ஒரு கதவு, ஆளுக்கு ஒரு பெயர்.

"மாமா, எனக்குப் பொம்பளப் புள்ள பேரக் குடுத்திட்டீங்க!"

"அஞ்சாம் கதவுல அந்தப் புள்ளதாண்டா இருந்துச்சு."

"அப்ப இவள அஞ்சுல போடுங்க. நான் ஆறுக்குப் போறேன்."

"போடா, ஆறு நல்ல கதவு. நான் தர மாட்டேன்" என்றாள் ஆறாம் கதவுப் பிள்ளை. "ஒன்னப் பாவாடை கட்டச் சொன்னாங்களா? பேருதானே, வச்சுக்க!"

என் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, ஒம்போதுல யாரு நிக்கிறது?"

"யாரும் வேணாம். அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கலாம்."

"அது யாரு வூடுன்னு எனக்குத் தெரியும்ப்பா."

நான் காது கேட்காதவன் போல நடந்தேன்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வான் வந்தது. நடுவயது அம்மா ஒருவர், கையில் கோப்பு, தோளில் கமரா. கொழும்பில் இருந்து வந்தாலும் பேச்சு வடக்குப் பேச்சு. "நீங்கள்தானே தபால் கொண்டு வாறனீங்கள்? உங்கட லயம்தான் எங்களுக்குப் பெருமை" என்றார். பாதையில் மரமாகிப்போன தேயிலையைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன மரம்?" என்று கேட்டார். தேயிலை என்று சொன்னேன். நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தார். லயத்தில் ஏன் புல் மண்டிக் கிடக்கிறது என்று கேட்டதற்கு, மழைக் காலத்தில் எல்லாரும் மேலே போய்விடுவார்கள் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

பிள்ளைகள் கதவுக்குக் கதவு நின்றார்கள். பனி இறங்கி இறங்கி ஏறியது. முதல் இரண்டு கதவு தெரியும்போது கடைசிக் கதவுகள் தெரியாது. அந்த அம்மா வாசல் நடுவே நின்று கோப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது போலவே இருந்தது. ஊரை விட்டுப் போன பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பனிக்குள் இருந்து "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்த குரல்கள்தான். இருந்தும் ஒவ்வொரு குரலுக்கும் பனிக்குள் எட்டிப் பார்த்தேன்.

எட்டு முடிந்தது. ஒன்பதாவது பெயரைக் கூப்பிட்டார். காய்ச்சல் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"இருக்கான்."

குரல் உள்ளே இருந்து வந்தது. கதவு திறந்தது. பையனின் தாய் படியில் வந்து நின்றார். கொழுந்து மலையில் இருந்து நேரே வந்திருக்க வேண்டும், பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு இன்னும் அப்படியே இருந்தது. அவர் பகல் சாப்பாட்டு நேரத்தில் எங்கே போகிறார் என்று நாங்கள் ஒருவரும் ஐந்து வருடமாகக் கேட்டதில்லை. பையனுக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான். அவன் வந்தால் இங்கேதான் வருவான். அதனால் தினமும் வந்து கூட்டி மெழுகிவிட்டுப் போயிருக்கிறார்.

"பிள்ளை எங்க அம்மா?" என்று கேட்டார் வந்தவர்.

"ஓடைக்குப் போயிருக்கான். வந்துருவான்."

பதினொரு பிள்ளைகளும் அசையவில்லை. அவர்களுக்குத் தெரியும். வந்தவருக்கு மட்டும் தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே கோப்பில் இருந்து ஒரு துண்டை எடுத்தார். "கெட்டிக்காரப் பிள்ளை. இந்தாங்கோ, அவர் தன்ர கையால எழுதின கூப்பன். ஞாபகத்துக்கு வைச்சிருக்கட்டும் எண்டு எல்லாருக்கும் திருப்பிக் குடுக்கிறம்."

தாய் அதைக் கையில் வாங்கினார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர். விரலை வைத்து, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் தடவித் தடவிப் போனார். வயது என்ற இடத்தில் விரல் நின்றது.

"ஒம்போதுன்னு எழுதியிருக்கான்" என்றார். "அப்ப இன்னும் வளரல."

வந்தவர் அதையும் வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டார். தாயைக் கதவில் நிறுத்திப் படம் எடுத்தார். வான் போய்விட்டது. மகள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது அப்போதே.

ஞாயிற்றுக்கிழமை காலை பீலியடிக்குப் போன என் மனைவி தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்தார்.

"அந்த அக்கா பாயும் சட்டியும் தூக்கிக்கிட்டுக் கீழ் லயத்துக்குப் போயிருச்சு. எம் புள்ள கடுதாசி எழுதியிருக்கான், வரப் போறான், இனி நான் அங்கதான் இருப்பேங்குது. என்னங்க, அது உங்க வேலைதானே?"

நான் தலையை ஆட்டினேன்.

அன்று பகலே மழை தொடங்கியது. எல்லாருடைய போனுக்கும் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. கங்காணி போய்க் கூப்பிட்டார். கோயில் கமிட்டி ஆட்கள் போனார்கள். புது வீட்டுப் பெண்கள் நாலு பேர் போய்க் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார்கள். "அவன் வந்து பாத்து ஆள் இல்லாட்டி? கடுதாசி போட்டுட்டு வர்ற புள்ளைய வாசல்ல நிக்க வைக்கவா?" என்று கேட்டாராம். துண்டைக் காட்டினாராம். எழுத்தைப் பார்த்த பெண்களில் ஒருத்தி திரும்பி வந்து, "புள்ள எழுத்துதான், நானே பாத்தேன்" என்று பீலியடியில் சொன்னாள். மாலைக்குள் எங்கள் லயத்தில் பாதிப் பேர் அதை நம்பிவிட்டார்கள். பிள்ளை எங்கேயோ கரையேறி, எங்கேயோ வளர்கிறான் என்று பேச்சு. இன்னும் சிலர் வேறு மாதிரிப் பேசினார்கள், அதை இங்கே எழுத வேண்டாம்.

அந்தத் துண்டை எழுதியது யார் என்று தெரிந்தவர்கள் நானும் மனைவியும் மகளும்தான்; கதவுகளில் நின்ற பிள்ளைகளுக்குப் படத்துக்காகப் பெயர் மாற்றியது மட்டுமே தெரியும். நான் சொன்னால் அவர் மேலே வருவார். ஆனால் அந்தப் பிள்ளையை நானே மறுபடியும் ஓடையில் விட்டது போல ஆகும். சொல்லாவிட்டால் மலை. திங்கட்கிழமை பகல் வரை நான் இரண்டுக்கும் நடுவே கிடந்தேன். அன்று ஆபீசில் கடிதங்களைக் கொடுத்தபோது கிளாக்கர் ஐயா, "மேல வெடிப்புல தண்ணி இறங்குதாம்" என்றார். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கீழே இறங்கினேன். மகளும் பின்னால் வந்தாள். போகச் சொன்னேன், போகவில்லை.

தாய் படியில் உட்கார்ந்து ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் சோறு. இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அக்கா, அந்தக் கூப்பன் எழுதினது நான்" என்றேன். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நேத்துக் கங்காணி வந்தாரு, இன்னைக்கு நீங்க. என்னய மேல கொண்டுபோக ஆளுக்கொரு பொய்யி."

"பொய் இல்லக்கா. ஓசிப் புத்தகத்துக்காக எழுதினேன். பன்னெண்டு கதவுக்கும் எழுதினேன். புள்ள எழுத்து மாதிரி இருக்கணும்னு எடது கையால எழுதினேன்."

"எழுதிக் காட்டுங்க" என்றார்.

தப்பால் பையில் பேனா எப்போதும் இருக்கும். அவர் நீட்டிய துண்டின் பின்பக்கத்தில், முழங்காலில் வைத்து, இடது கையால் அந்தப் பெயரை எழுதினேன். கை நடுங்கினால் எழுத்து மாறும், மாறினால் அவர் நம்ப மாட்டார் என்று மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. முன்பக்கத்தில் எப்படி விழுந்ததோ அப்படியே விழுந்தது. அதே கோணல், அதே கடைசி எழுத்தின் வால்.

அவர் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழை தகரத்தில் கொட்டியது. மகள் அழுதுகொண்டே, "அத்தை, மாதிரித்தாள் எனக்குத்தான் அத்தை. அந்தக் கேள்வியெல்லாம் நாந்தான் எழுதிப் பாத்தேன்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் தாயின் முகம் மாறியது. எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கூட்டி வைத்த வாசல் போல ஒன்றும் இல்லாமல் ஆனது.

எழுந்தார். பாயைச் சுருட்டினார். அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டார். ஆணியில் இருந்து பள்ளிக்கூடப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். தேயிலை மரங்களுக்கு நடுவே போகும்போது திரும்பாமல் கேட்டார்.

"ஒம்போதுக்கு எழுதையில என்ன நெனச்சீங்க?"

ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளையை நினைத்தேன், மனசு கனத்தது என்று. மகள் பக்கத்தில் இருந்தாள்.

"ஒண்ணும் நெனக்கலக்கா" என்றேன்.

அவர் பையைத் தோளில் இன்னும் ஏற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். மேலே ரோடு வரும் வரை ஓடைச் சத்தம் கூடவே வந்தது.

அன்றைக்கே இதழ் ஆபீசுக்கு வலது கையால் ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததைச் சொல்லி, பன்னிரண்டு பெயரையும் வெட்டச் சொன்னேன். படம் போட வேண்டாம் என்றும் கேட்டேன். போடவில்லை. பதிலும் வரவில்லை. கதவுகளில் நின்ற பிள்ளைகளுக்குச் சொன்ன புத்தகமும் வரவில்லை. அதற்காக என்னை ஏசியவர்கள் ஏசியது சரி. மகள் மிச்ச மாதங்கள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாள்களோடு பரீட்சை எழுதினாள்.

மலை விழவில்லை. அந்த மழையிலும் விழவில்லை, அடுத்த வருட மழையிலும் விழவில்லை. வெடிப்பு அப்படியே இருக்கிறது, லயம் அப்படியே நிற்கிறது. தாய் அதற்குப் பிறகு கீழே இறங்கியதே இல்லை. வாசல் கூட்ட ஆள் இல்லாமல் ஒன்பதாம் கதவிலும் புல் ஏறிவிட்டது. நான் அவரைக் காப்பாற்றினேன் என்று தோட்டத்தில் சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. விழுந்திருந்தால் தெரிந்திருக்கும். விழ வேண்டும் என்று நினைப்பதற்கும் பயமாக இருக்கிறது.

மாதத்துக்கு ஒரு தடவையாவது அவருக்குக் கடிதம் இருக்கும், ஆஸ்பத்திரி கிளினிக்கில் இருந்தோ, வெலிமடையில் உள்ள தங்கச்சியிடம் இருந்தோ. கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக்கொள்வார். மழை நாளாக இருந்தால் மட்டும், வாசலில் நின்று கீழ்ப் பக்கம் பார்த்துவிட்டு, கோபம் ஏதும் இல்லாமல் சொல்வார்.

"மல இன்னும் நிக்குதே தம்பி."